பருப்பு வேகாத ஊரில் காலநிலை பேசுவது

(ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர்ப் பகுதிப் பள்ளி ஆசிரியர்கள், கிராம சுகாதார செவிலியர்கள், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உங்கள் எல்லோருக்கும் தெரியும். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். 1981இல் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். ராஜாவை இனி யாரும் தேடப் போவதில்லை. மிச்சம் இருப்பது ஆறும் மலையும். இந்தப் பேச்சோடு தொடங்கக் காரணம் உண்டு. விஞ்ஞானி யாரும் வந்து சொல்வதற்கு முன்பே இந்த ஊர் மக்கள் தங்கள் ஆற்றையும் மலையையும் பார்த்து, நிலவரத்தை ஒரே மூச்சில் சொல்லி வைத்திருக்கிறார்கள். இவர்களுக்கு ஒன்றும் தெரியாது, நாம் போய்த்தான் விழிப்புணர்வு ஊட்ட வேண்டும் என்ற நினைப்போடு நீங்கள் தெருவில் இறங்கினால், முதல் வீட்டு வாசலிலேயே பேச்சு நின்றுவிடும்.

காலநிலை மாற்றத்தை மக்களிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் இன்றைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு. பொதுவாகப் பேசாமல், தோல் ஷாப்பும் ஷூ கம்பெனியும் பீடிக்கட்டும் கத்தரித் தோட்டமும் இருக்கிற இந்தப் பாலாற்றங்கரையை வைத்தே பேசுகிறேன்.

முதலில் அந்த ஒன்றரை டிகிரி. உலகச் சராசரி வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்தப் பாடுபட வேண்டும் என்று 2015இல் பாரிஸில் நாடுகள் ஒப்புக்கொண்டன. 2024ஆம் ஆண்டின் சராசரி, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஏறத்தாழ 1.55 டிகிரி கூடுதல் என்று உலக வானிலை அமைப்பு கணக்குச் சொன்னது. ஓராண்டு தாண்டியதாலேயே ஒப்பந்தம் முறிந்துவிடாது. நீண்டகாலச் சராசரிதான் கணக்கு. ஆனால் எந்தத் திசையில் போகிறோம் என்பதில் சந்தேகம் இல்லை.

இதை அப்படியே வேலூரில் சொன்னால் கேட்பவர் என்ன சொல்வார்? "சார், நேத்து நாப்பது, இன்னிக்கு நாப்பத்திரண்டு. ஒரே நாள்ல ரெண்டு டிகிரி ஏறினதைப் பார்த்தவங்க நாங்க. ஒண்ணரை டிகிரி எங்களை இன்னா பண்ணும்?" நியாயமான கேள்வி. பலர் இதைக் கேட்டதும் எரிச்சல்பட்டு, அதே வாசகத்தைச் சற்று உரக்கச் சொல்கிறார்கள். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த ஒன்றரை டிகிரி ஓர் ஊரின் ஒரு நாள் வெயில் இல்லை. கடல், பனிமலை, பாலைவனம், மார்கழி, நள்ளிரவு எல்லாவற்றையும் கூட்டி எடுத்த சராசரி. சராசரி கொஞ்சம் நகர்ந்தாலும், உச்ச வெயில் அடிக்கும் நாட்களின் எண்ணிக்கை மளமளவென்று கூடும். முன்பு எப்போதோ ஒரு நாள் வந்த வெயில், இப்போது வாரக்கணக்கில் உட்கார்ந்துகொள்ளும்.

காரணத்தை விளக்க ஆம்பூரில் ஒரு சௌகரியம் இருக்கிறது. பிரியாணிக்குத் தம் போடுவதைப் பார்க்காத பிள்ளை இங்கே கிடையாது. மூடியைப் போட்டு ஆவி போகாமல் அடைத்துவிட்டால், அடியில் தீ அதே அளவுதான், உள்ளே சூடு ஏறுகிறது. நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரித்து நாம் காற்றில் சேர்த்த கார்பன் டை ஆக்சைடு, பூமி வெளியே விட வேண்டிய வெப்பத்தைத் தடுத்து வைக்கிறது. இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். அதற்கு மேல் காரணத்தில் நிற்க வேண்டாம். நம் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

வாணியம்பாடிப் பக்கம் ஆற்றோரக் கிராமம் ஒன்றில் ஓர் அம்மா எனக்குக் காட்டியதைச் சொல்கிறேன். ஒரே டப்பாவிலிருந்து துவரம் பருப்பை எடுத்து இரண்டு சொம்பில் பாதிப் பாதியாகப் போட்டார். ஒன்றில் போர் தண்ணீர், இன்னொன்றில் குழாயில் வந்த காவிரித் தண்ணீர். ஒரே அடுப்பில் மாற்றி மாற்றி வைத்தார். காவிரித் தண்ணீரில் வைத்த பருப்பு கரண்டி பட்டதும் குழைந்தது. போர் தண்ணீர்ப் பருப்பு முத்து முத்தாக நின்றது. இரண்டு விரலால் நசுக்கிக் காட்டினார். வழுக்கியதே தவிர உடையவில்லை. "எத்தினி விசில் வெச்சாலும் இப்டிதான் சார். கேஸ்தான் தீருது" என்றார். சொம்பின் அடியில் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தது. அதை நகத்தால் சுரண்டி என் உள்ளங்கையில் வைத்தார்.

அதில் இருக்கிற வேதியியல் எளிமையானது. கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டினைப் பிடித்து இறுக்கிவிடுகின்றன. அதனால் பருப்பு குழைவதில்லை. குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்த எண்களை நான் சொன்னபோது அந்த அம்மா தலையாட்டினார். தன் சமையலறையில் தெரிந்துகொண்டதற்குக் காகிதத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்பதாக எடுத்துக்கொண்டார். பேச்சு நடக்க வேண்டிய வரிசை இதுதான். அவர் கண்டது முதலில், நம் எண் பிறகு.

இந்த வரிசை நமக்குப் புதிதில்லை. இந்தியாவின் சுற்றுச்சூழல் சட்டத்தையே திருப்பிப்போட்ட ஒரு வழக்கு இங்கிருந்துதான் போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும். கேடு வரும் என்று தெரிந்தால், முழு அறிவியல் நிரூபணம் வரட்டும் என்று காத்திருக்காமல் தடுக்க வேண்டும். இந்த இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. இன்றைக்கும் நாடு முழுக்கச் சட்டக் கல்லூரி மாணவர்கள் வேலூர் என்ற பெயரை இதற்காகத்தான் படிக்கிறார்கள்.

அந்தத் தீர்ப்பை எடுத்துப் படித்துப் பாருங்கள். அதற்கு வலு கொடுத்தது என்ன? தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம், தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாகக் கண்டது. திண்டுக்கல் வட்டாரத்தில் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் கிணறு கிணறாக இறங்கி எண்ணியது. 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன. ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கும் அதில் இருக்கிறது. கிணறு, நிலம், லிட்டர். யாரும் போய்ப் பார்த்துச் சரியா தவறா என்று சொல்லக்கூடிய விஷயங்கள். அதனால்தான் டெல்லியில் உட்கார்ந்திருந்த நீதிபதிக்கும் புரிந்தது, கைலாசகிரி அடிவாரத்து விவசாயிக்கும் புரிந்தது.

அடுத்து நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 2001இல் இழப்பீடு நிர்ணயித்தது: 547 தோல் தொழிற்சாலைகள், 29,193 பாதிக்கப்பட்டவர்கள், 26 கோடியே 82 லட்சம் ரூபாய். வகுத்துப் பாருங்கள். ஏழாண்டுக்கு மேல் கெட்டுப்போன நிலத்துக்கும் கிணற்றுக்கும் சராசரியாக ஆளுக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். அதுவும் எல்லோர் கைக்கும் வந்து சேரவில்லை என்பதால் வழக்கு மறுபடி உச்ச நீதிமன்றம் போனது. 2025 ஜனவரி 30 அன்று, நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, இழப்பீட்டை அரசே கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்றும், நிலைமையைக் கண்காணிக்க ஒரு குழு அமைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. முதல் மனு போட்டு முப்பத்து நான்கு வருஷம்.

காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேச நாம் போகும்போது, எதிரே உட்கார்ந்திருப்பவர் இந்த முப்பத்து நான்கு வருஷத்தையும் பார்த்தவர். "இதுக்கு முன்னாடியும் வந்து எழுதிக்கினு போனாங்க" என்பார். அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இதற்குச் செலவு யார் தலையில்? அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத எந்தக் காலநிலைப் பேச்சும் இங்கே எடுபடாது. என் பேச்சில் நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான்.

சரி, தோலுக்கு வருவோம். வெயிலுக்கும் தோலுக்கும் உள்ள தொடர்பு தோல் மண்டியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். மாட்டையோ ஆட்டையோ உரித்த சில மணி நேரத்துக்குள் பச்சைத் தோலுக்கு உப்புப் போட வேண்டும். இல்லாவிட்டால் அழுகத் தொடங்கிவிடும். ரோமம் கையோடு வரும். பதனிட்ட பிறகு மேல்பரப்பில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். அப்படிப்பட்ட தோலை எந்தக் கம்பெனியும் முதல் தரத்தில் எடுக்காது. வெயில் ஏற ஏற பாக்டீரியா வேகமாகப் பெருகும், கெடுவதற்கான நேரம் சுருங்கும். ஆகவே கை தாராளமாக உப்பு போடும். தோலின் எடையில் 40 சதவீதம் வரைகூட உப்புப் போடுகிற வழக்கம் உண்டு. அந்த உப்பு எங்கே போகும்? டேனரியில் முதல் வேலையே தோலை ஊறவைத்து உப்பைக் கழுவுவது. கழுவிய நீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருகிறது. அங்கே எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் நல்ல நீரைப் பிரித்து, மிச்ச உப்புநீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்குகிறார்கள். உப்பு கூடினால் மின்சாரம் கூடும், கொதிகலனுக்குள் போகும் எரிபொருளும் கூடும். கடைசியில் யாருக்கும் பயன்படாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறது.

வெயில் கூடினால் உப்பு, உப்பு கூடினால் எரிபொருள், எரிபொருள் கூடினால் புகை, புகை கூடினால் மறுபடி வெயில். டேனரித் தொழிலாளியிடமோ முதலாளியிடமோ இதைச் சொல்லிப் பாருங்கள். இரண்டு பேருக்கும் அது மின்கட்டணமாகவும் தோலின் தரமாகவும் தெரியும். தீர்வும் அதே பேச்சில் வந்துவிடுகிறது: உப்பை உதறி எடுத்துவிட்டுப் பிறகு ஊறவைப்பது, தோலைக் குளிரூட்டி அனுப்புவது, தண்ணீர் இல்லாமல் குரோம் பதனிடும் முறை. இந்தக் கடைசி முறையைச் சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கித் தொழிற்சாலைகளுக்கும் கொடுத்திருக்கிறது. தொழிலைக் குறை சொல்லி ஆம்பூரில் கூட்டம் போட முடியாது; இந்தத் தொழிலில்தான் ஊரின் அடுப்பு எரிகிறது. தொழிலின் வரவு செலவுக்குள் போய்ப் பேச முடியும்.

இப்போது ஷூ கம்பெனி. காலையில் ஆம்பூர், பேரணாம்பட்டு, மாதனூர்ச் சாலைகளில் கம்பெனி பஸ்களையும் வேன்களையும் பாருங்கள். அதில் பெரும்பாலும் பெண்கள். அப்பர் தைக்கிறவர்கள், பசை தடவுகிறவர்கள், செக்கிங் பார்க்கிறவர்கள். இவர்களுக்கு வெப்ப அலை என்ற அறிவிப்பு எப்படிப் போய்ச் சேருகிறது?

சமவெளியில் வெப்பநிலை 40 டிகிரியைத் தொட்டு, அந்த நாளின் இயல்பைவிட 4.5 டிகிரி கூடினால்தான் வானிலைத் துறை வெப்ப அலை என்கிறது. அல்லது நேராக 45 டிகிரியைத் தொட வேண்டும். வேலூரில் மே மாத இயல்பே 38, 39 என்று இருக்கும். அப்படியானால் 42 டிகிரி வெயில் அடித்தாலும் இந்த விதிப்படி வெப்ப அலை இல்லை. விதியில் தவறில்லை. அந்தந்த ஊர்ப் பழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்ப்பதற்காக வகுத்தது அது. ஆனால் தைக்கிற மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் உடம்புக்கு அந்த விதி தெரியாது. செய்தியில் வெப்ப அலை இல்லை என்று வந்தால், "அப்ப எனக்குத்தான் உடம்பு சரியில்லை போல" என்று நினைத்துக்கொள்கிறாள். இதைவிட மோசமான தகவல் பரிமாற்றம் இருக்க முடியாது. ஆகவே நீங்கள் அறிவிப்பை மட்டும் நம்பாதீர்கள். சிறுநீர் மஞ்சளாகப் போகிறதா, தலைவலிக்கிறதா, வியர்வை நின்று உடம்பு காய்கிறதா என்று கேளுங்கள். கடைசியாகச் சொன்னது ஆபத்து. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், நனைத்து, 108ஐக் கூப்பிட வேண்டும்.

"நிறைய தண்ணீர் குடியுங்கள்" என்று எல்லாச் சுவரொட்டியும் சொல்கிறது. ஒரு செவிலியர் சகோதரி சொன்னார், தையல் லைனில் வேலை செய்யும் பெண் அவரிடம் கேட்டாளாம்: "தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும் அக்கா. போனா பீஸ் குறையும். சூப்பர்வைசர் பார்ப்பாரு. நான் எப்படிக் குடிக்கறது?" அந்தக் கேள்விக்குச் சுவரொட்டியில் பதில் இல்லை. பதில் கம்பெனி நிர்வாகத்திடம் இருக்கிறது, தொழிற்சாலை ஆய்வாளரிடம் இருக்கிறது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கோடைக்காலத்தில் குடிநீரைக் குளிரவைத்துத் தர வேண்டும், காற்றோட்டமும் தாங்கக்கூடிய வெப்பநிலையும் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். காலநிலை மாற்றம் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத காலத்தில் எழுதிய விதி. அந்தப் பெண்ணிடம் தண்ணீர் குடி என்று சொல்லும் அதே வாயால், குடிப்பதற்கும் போய் வருவதற்கும் நேரம் கொடுங்கள் என்று நிர்வாகத்திடமும் சொல்ல வேண்டும். இரண்டாவதைச் சொல்லத் தயங்குகிறவர் முதலாவதைச் சொல்ல வேண்டாம்.

இதில் கர்ப்பிணிகள் விஷயம் இன்னும் கவனமாகப் பேச வேண்டியது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017 முதல் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் நேரும் அபாயம் இரண்டு மடங்கு வரை கூடியது என்று கண்டார்கள். இதைப் பயமுறுத்தச் சொல்லக் கூடாது. வேலையை விட்டுவிடு என்று சொல்லவும் கூடாது. அவள் சம்பளத்தில் குடும்பம் ஓடுகிறது. காற்று வரும் இடத்துக்கு மாற்றித் தரும்படி கேட்க, பரிசோதனைக்கு வரும்போது வேலை இடத்தின் வெப்பத்தையும் அட்டையில் எழுத, உங்களுக்கு ஓர் ஆதாரம் கிடைத்திருக்கிறது. அப்படிப் பயன்படுத்துங்கள்.

வேலை முடிந்து அவள் போகும் வீடு பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டது. இரவு பதினொரு மணிக்குக் கை தூக்கி ஷீட்டைத் தொட்டால் இன்னும் சுடுகிறது. சுற்றிலும் பாறைக் குன்றுகள். பகல் முழுக்க வாங்கிய சூட்டை அவையும் ராத்திரியில்தான் விடுகின்றன. பகல் வெயிலைப் பற்றியே நாம் பேசிப் பழகிவிட்டோம். உடம்பு ஆறுவது ராத்திரியில். ராத்திரி ஆறாவிட்டால் மறுநாள் வெயில் நேற்றைய களைப்பின் மேல் விழுகிறது. அதனால் காலநிலை மாற்றத்தைப் பற்றி ஒரு வீட்டில் பேச்சைத் தொடங்க, "ராத்திரி தூக்கம் வருதா?" என்பதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை. ஷீட்டின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் உள்ளே ஓரிரு டிகிரியாவது குறையும். வீட்டுக்குள்ளேயே நாளெல்லாம் உட்கார்ந்து பீடி சுற்றும் குடியாத்தம், பேரணாம்பட்டுப் பெண்களுக்கு அந்த ஓரிரு டிகிரி ஒரு நாள் கூலியைக் காப்பாற்றும்.

வெப்பத் தாக்கத்தை மாநிலப் பேரிடர் என்று தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. அதில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உதவி உண்டு. எத்தனை வீடுகளுக்கு இது தெரியும்? வெயிலில் மயங்கி விழுந்து இறந்தவரை மாரடைப்பு என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். எங்கே வேலை செய்துகொண்டிருந்தார், எத்தனை மணிக்கு விழுந்தார் என்பதை மருத்துவரிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மருத்துவர் எழுதும் காரணம் அங்கே முக்கியம்.

இனி ஆறு. இங்கேதான் நமக்கு மிகுந்த நேர்மை தேவை. பாலாறு வறண்டதற்குக் காலநிலை மாற்றம் காரணமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அப்படி ஒரே வரியில் ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். நந்தி மலைப் பக்கம் பிறக்கும் ஆறு, கர்நாடகத்தில் பேத்தமங்கலம் போன்ற ஏரிகளில் நின்று, ஆந்திரத்தில் தடுப்பணை தடுப்பணையாகத் தாண்டி நமக்கு வர வேண்டும். 1892ஆம் ஆண்டின் சென்னை–மைசூர் ஒப்பந்தம் முதல் 2016இல் புல்லூர்த் தடுப்பணையை உயர்த்திய சண்டை வரை அதற்கு ஒரு நீண்ட வழக்கு வரலாறு இருக்கிறது. அதற்கு மேல் மணல் அள்ளினோம், ஆயிரம் அடிக்கு போர் போட்டோம், கழிவை விட்டோம். இவை அனைத்தும் மனிதர்கள், இன்னின்னார் என்று சுட்டக்கூடியவர்கள், செய்தவை. எல்லாவற்றையும் காலநிலை மாற்றம் என்ற பெயரில் எழுதிவிட்டால், செய்தவர்கள் எல்லோரும் தப்பித்துக்கொள்வார்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, மன்னியுங்கள். ஏரி வாய்க்காலை அடைத்து மனை போட்டுவிட்டு, வெள்ளம் வந்ததும் எல்லாம் காலநிலை மாற்றம் என்று கைவிரிக்கிற பேச்சை நான் பல மேடைகளில் கேட்டுவிட்டேன்.

காலநிலை மாற்றம் செய்வது வேறு. ஒரு டிகிரி சூடு ஏறினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். அதனால் மழை பெய்தால் கொட்டித் தீர்க்கிறது, பெய்யாவிட்டால் நீண்ட நாள் காய்கிறது. 2019 ஜூலையில் நம் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர் ஏற்றிக்கொண்டு சென்னைக்கு ரயில் போனது. குடத்தோடு குழாயடியில் நின்ற ஊர் அந்த ரயிலைப் பார்த்தது. இரண்டே வருஷம். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டது. பார்க்கப் பாலங்களில் ஜனம் கூடியது. அதே மாதம் 19ஆம் தேதி பேரணாம்பட்டில் மழையில் ஊறிய சுவர் வீட்டின் மேல் இடிந்து, நான்கு குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் தூக்கத்திலேயே போனார்கள். வெள்ளம் பாலாற்றுக்குப் புதிதில்லை. 1903 நவம்பரில் மேலே ஏரிகள் உடைந்து வந்த வெள்ளம் வாணியம்பாடியில் சுமார் இருநூறு பேரைக் கொண்டுபோனது. வறட்சியும் வெள்ளமும் ஒன்றையொன்று இவ்வளவு நெருங்கி வருவதற்கு இந்த மண் தயாராக இல்லை என்பதுதான் புதுக்கவலை. மழைக்கு முன் ஊறும் சுவர்களைப் பார்த்து வைப்பதும், ஆற்று மணலுக்கு அடியில் தண்ணீர் இறங்க வழி செய்வதும் இதற்குப் பதில். நாகநதியில் வேலூர் மாவட்டக் கிராமப் பெண்கள் நூறு நாள் வேலையில் உறைகிணறு உறைகிணறாக இறக்கி, காய்ந்த ஓடையில் நிலத்தடி நீரை ஏற்றிக் காட்டியிருக்கிறார்கள். உங்கள் மாணவர்களை எங்காவது சுற்றுலா கூட்டிப் போவதானால் அங்கே போங்கள். அந்தப் பெண்களையே பேசச் சொல்லுங்கள். அருகில் ஒலிபெருக்கியைப் பிடிப்பது மட்டும் நம் வேலையாக இருக்கட்டும்.

யார் சொல்வது, எந்த மொழியில் சொல்வது என்பதும் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் வீடுகளில் பாதிப் பேச்சு உருதுவில் நடக்கிறது. தமிழில் மட்டும் அச்சடித்த துண்டறிக்கை அந்த வீட்டுப் பாட்டியிடம் போகாது. வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் இமாம் சொன்னால் போகும். 2019இல் நோன்பு மே மாதத்தில் வந்தது. வெயிலில் பகலெல்லாம் தண்ணீர் இல்லாமல் வேலைக்குப் போவது என்ன என்று இந்த ஊருக்குத் தெரியும். நோன்பு ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே போகும். கோடையில் மறுபடி வரும்போது எந்த வேலையை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்பதை இப்போதே பேசலாம். குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள், உச்சி வெயிலில், பெருங்கூட்டத்தோடு நடக்கிறது. அங்கே நீர்மோர்ப் பந்தல் போடுகிற இளைஞர் மன்றத்துக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கலக்கும் அளவும் மயங்கியவரைக் கிடத்தும் விதமும் தெரிந்திருந்தால், அதுவே அன்றைக்கு அந்த ஊரின் காலநிலைக் கல்வி.

இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பயிரிடுகிறவரிடம் பூ உதிர்வதைப் பற்றிக் கேளுங்கள். வெயில் கூடினால் மகரந்தம் வலுவிழந்து, பிஞ்சு பிடிக்காமல் பூ கொட்டும். நம் பிரியாணிக்குக் கத்தரிக்காய் இல்லாமல் இலை நிறையாது. அந்த ஒரு காயை வைத்து ஒரு வகுப்பு முழுக்க நடத்தலாம்.

மஞ்சப்பை பற்றியும் ஒரு வார்த்தை. 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' மக்களிடம் போனதற்குக் காரணம், கையில் பிடித்துக்கொள்ள ஒரு பொருள் இருந்தது, நினைவில் ஒரு கல்யாண வீடு இருந்தது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் பையை மாற்றினால் காலநிலை மாறிவிடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். சேரும் புகையில் பெரும்பங்கு மின்சாரத்திலிருந்தும், ஆலையிலிருந்தும், வண்டியிலிருந்தும் வருகிறது. ஒரு ஷீட் வீட்டில், ஒரு ஃபேன் ஓட்டி வாழும் குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி மரம் நடச் சொல்வது அநியாயம். மரம் நடட்டும், நிழலுக்காக. குற்றத்துக்குப் பரிகாரமாக வேண்டாம்.

இறுதியாக, வேலை. கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், மே 1 தொழிலாளர் தினம். இரண்டும் நம் வெயில் காலத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் வருகின்றன. நகராட்சிகளில் ஏரியா சபை இருக்கிறது. மார்ச் 22க்கு முன் உங்கள் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஊரில் உள்ள கிணறுகளையும் போர்களையும் எண்ணுங்கள். எத்தனை அடியில் தண்ணீர், எதில் பருப்பு வேகிறது, எதில் வேகவில்லை என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். செவிலியர்கள் தங்கள் பகுதியில் ஷீட் வீடு எத்தனை, அதில் கர்ப்பிணிகளும் தனியாக இருக்கும் முதியவர்களும் எத்தனை பேர் என்று குறித்துக்கொள்ளட்டும். கல்லூரிப் பிள்ளைகள் ஊறும் சுவர்களையும் அடைபட்ட வாய்க்கால்களையும் படம் எடுக்கட்டும். மூன்றையும் சேர்த்துச் சபையில் படியுங்கள். தீர்மானத்தில் மூன்று விஷயம் போதும்: வெயில் நாட்களில் ஊரக வேலைத் திட்டப் பணியைக் காலை பதினோரு மணிக்குள் முடிக்க வேண்டும், கம்பெனி பஸ் நிற்கும் இடங்களில் நிழலும் குடிநீரும் வேண்டும், வாய்க்கால் அடைப்பை வடகிழக்குப் பருவமழைக்கு முன் எடுத்து, எடுக்கும் செலவை அடைத்தவரிடம் வசூலிக்க வேண்டும். தீர்மான நகலை வாங்கி, அடுத்த திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். மே 1 சபையில் அந்த ரசீதை எடுத்து, என்ன ஆயிற்று என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள்.